‘ஒருத்தி சங்கம் ஆகமாட்டாள்’: கிளாரா செற்கினும் ஜேர்மன் தொழிலாளப் பெண்களும்

மார்ச் 8 நெருங்கும்போது நமது வானொலிகளிலும் ஒன்றுகூடல் மலர்களிலும் தவறாமல் ஒரு கதை வந்துவிடுகிறது. 1789 இல் பாரிஸ் நகரப் பெண்கள் கிளர்ந்தெழுந்தார்களாம். அதன் தொடர்ச்சியாக 1848 மார்ச் 8 அன்று பிரெஞ்சு மன்னன் லூயி பிளாங் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தானாம். அந்த நாளே மகளிர் தினமாயிற்றாம். லூயி பிளாங் மன்னன் அல்லன். 1848 பெப்ரவரிப் புரட்சி மன்னனைத் துரத்திய பின்னர் அமைந்த தற்காலிக அரசாங்கத்தில் அங்கம் வகித்த ஒரு சோசலிஸ்ட் அவர். அந்த அரசாங்கம் அவ்வாண்டு மார்ச்சில் வழங்கிய வாக்குரிமை ஆண்களுக்கு மாத்திரமே உரியது. பிரெஞ்சுப் பெண்கள் அதற்காக 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சற்று ‘முற்போக்கான’ வட்டாரங்களில் வேறொரு கதை உலாவுகிறது: 1857 மார்ச் 8 இல் நியூயோர்க் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் வீதிக்கு இறங்கினார்கள் என்பது. இதற்கும் ஆதாரம் கிடையாது. 1950களில் பிரெஞ்சு இடதுசாரிப் பத்திரிகைகளில் முளைத்த கதை இது என்பதைப் பிரான்ஸின் பெண்ணிலைவாத ஆய்வாளர்களே 1980களில் வெளிக்கொணர்ந்துவிட்டார்கள்.

பொய்க்கதைகள் ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றன? அவை வசதியானவை. முதற்கதையில் மன்னன் கொடுக்கிறான். இரண்டாவதில் பெண்கள் திடீரெனப் பொங்குகிறார்கள். இரண்டிலும் யாரும் சந்தா சேர்ப்பதில்லை, கூட்டத்துக்கு மண்டபம் தேடி அலைவதில்லை, பத்திரிகைக்குப் பிழை திருத்துவதில்லை. ‘வரலாற்றில் செல்வாக்குச் செலுத்திய பெண்கள்’ என்று நாம் தயாரிக்கும் பட்டியல்களுக்கும் இதே குணம் உண்டு. ஔவையார், ஜான்சி ராணி, மேரி கியூரி, அன்னை தெரேசா என்று வரிசையாகத் தனித்தனி விளக்குகளை ஏற்றி வைக்கிறோம். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுவதில்லை.

அந்த வரிசையில் இடதுசாரிகள் சேர்த்துக்கொள்ளும் பெயர் கிளாரா செற்கின். 1910 இல் கொப்பன்ஹேகன் மாநாட்டில் சர்வதேசப் பெண்கள் தினத்துக்கான தீர்மானத்தை முன்வைத்தவர் என்ற ஒரு வரியோடு அவரைப் பற்றிய நமது அறிவு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்கு முன்னால் இருபது வருட வேலை இருக்கிறது. பெண்கள் அரசியல் சங்கங்களில் சேர்வதையே சட்டம் தடைசெய்திருந்த ஒரு தேசத்தில் தொழிலாளப் பெண்கள் எவ்வாறு ஒரு நிறுவனத்தைக் கட்டினார்கள், பின்னர் அந்தத் தடை நீங்கியபோது அந்நிறுவனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் அக்கறை. பெண்களுக்குத் தனி அமைப்பு வேண்டுமா, அது ‘பொது’ப் போராட்டத்தைப் பிளவுபடுத்துமா என்று நமக்குள் நடந்துவந்த விவாதத்துக்கு இதில் விடயம் உண்டு என்று கருதுகிறேன்.

கிளாரா ஐஸ்னர் 1857 ஜூலை 5 இல் சாக்சனியின் வீடெராவ் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். தாய் அக்காலத்து மத்தியதர வர்க்கப் பெண்கள் இயக்கத்தோடு தொடர்புடையவர். குடும்பம் லைப்சிக் நகருக்கு இடம்பெயர்ந்ததும், அவ்வியக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஓகுஸ்ற்ற ஷ்மிற் நடத்திய ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் கிளாரா படித்துத் தேறினார். லைப்சிக்கில்தான் ரஷ்ய மாணவர் வட்டத்தையும் அதிலிருந்த ஒசிப் செற்கினையும் சந்தித்தார். 1878 இல் பிஸ்மார்க் சோசலிச எதிர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சட்டத்தின் பிரிவுகளைப் பரீட்சைக்காகப் படிப்பித்த காலம் எனக்கு உண்டு. அது எத்தனை பேரை அகதிகளாக்கியது என்பது எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. ஒசிப் நாடுகடத்தப்பட்டார். கிளாரா ஒஸ்திரியாவில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1882 இல் சூரிச்சுக்குப் போய், அங்கிருந்து தடைசெய்யப்பட்ட கட்சிப் பத்திரிகையை ஜேர்மனிக்குள் கடத்தும் வேலையில் உதவினார். அதே வருடம் பாரிஸ்.

பாரிஸ் வாழ்க்கை நம்மில் பலருக்கு விளக்க வேண்டாதது. மொழிபெயர்ப்பு, பிள்ளைகளுக்குப் பாடம், பிறருடைய உடுப்புத் துவைத்தல். வாடகை கட்ட முடியாமல் வீட்டிலிருந்து வெளியேற்றப்படுதல். இரண்டு ஆண் குழந்தைகள். ஒசிப்பின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டாலும் கிளாரா அவரைச் சட்டப்படி மணக்கவில்லை. அந்நியனை மணக்கும் ஜேர்மன் பெண் தன் பிரசாவுரிமையை இழப்பாள் என்று அன்றைய சட்டம் சொல்லியது. திரும்பிப் போவதற்கான கதவைத் திறந்து வைத்திருக்கவேண்டும் என்பதால் ‘முறையில்லாத’ வாழ்க்கை. ஒசிப் முள்ளந்தண்டு நோயால் படுத்த படுக்கையாகி 1889 ஜனவரியில் இறந்தார்.

ஆறு மாதத்தின் பின், 1889 ஜூலையில், இரண்டாம் அகிலத்தின் ஸ்தாபக மாநாடு அதே பாரிஸில் கூடியபோது கிளாரா மேடையேறினார். பெண்களின் தொழிற்சாலை வேலையைத் தடைசெய்யவேண்டும் என்ற குரல் அன்று சோசலிஸ்டுகளிடையே பலமாக இருந்தது. பெண்கள் மலிவான கூலிக்கு வந்து ஆண்களின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பது வாதம். (இதே வாதத்தை இன்று அந்நியத் தொழிலாளர் விடயத்தில் தேநீர் இடைவேளைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.) சொந்தச் சம்பளம் இல்லாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று கிளாரா மறுத்தார். முதலாளிக்கு அடிமையான ஆணுக்கு மனைவி அடிமையாக இருக்கிறாள். அவள் வேலையை விட்டுப் போவதால் அந்த இரண்டாவது அடிமைத்தனம் நீங்காது. பெண்களுக்கென விசேட பாதுகாப்புச் சட்டங்களைக்கூட அன்று அவர் எதிர்த்தார்; சில வருடங்களில் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு அவற்றை ஆதரித்தார்.

சோசலிச எதிர்ப்புச் சட்டம் 1890 இல் காலாவதியானதும் கிளாரா நாடு திரும்பினார். அங்கே இன்னொரு சட்டம் காத்திருந்தது. 1850 ஆம் ஆண்டின் பிரஷ்யச் சங்கச் சட்டம் பெண்கள், மாணவர்கள், தொழில் பழகும் பையன்கள் ஆகிய மூன்று வகையினரும் அரசியல் சங்கங்களில் உறுப்பினராவதைத் தடைசெய்திருந்தது. அத்தகைய சங்கத்தின் கூட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாலே அதைக் கலைக்கலாம். மேடையோரத்தில் ஒரு பொலிஸ் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தால் கூட்டம் கலைக்கப்பட்டது என்று அர்த்தம். எது ‘அரசியல்’ என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. கூலி பற்றிக் கதைக்கலாம். கூலியைப் பாதிக்கும் வரியைப் பற்றிக் கதைத்தால் அது அரசியல். 1885 இல் தையல் நூலுக்கான தீர்வையை உயர்த்த முயன்றபோது, நூலைத் தங்கள் கைக்காசில் வாங்கித் தைத்துக்கொண்டிருந்த பேர்லின் பெண்கள் சங்கம் அமைத்துக் கிளம்பினார்கள். மறுவருடமே சங்கம் தடைசெய்யப்பட்டது.

பிறகு அவர்கள் சங்கம் என்ற பெயரை விட்டுப் பிரசாரக் குழுக்களை அமைத்தார்கள். குழுவும் சங்கமே என்று 1895 இல் பேர்லின் பொலிஸார் அதையும் கலைத்து, பெண்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். இதன்பின் அவர்கள் முழுமையாகக் கைக்கொண்ட வழியை நான் அந்த இயக்கத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். சட்டம் தடைசெய்வது சங்கத்தை. ஒரு தனி மனுஷி சங்கம் ஆகமாட்டாள். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் பகிரங்கக் கூட்டத்தில் ஒரு பெண்ணைத் தெரிவு செய்தார்கள். அவளுக்குத் தலைவி, செயலாளர் என்ற பட்டங்கள் எதுவுமில்லை. நம்பிக்கைக்குரியவள் என்பது மட்டுமே. காசு சேர்ப்பது, பத்திரிகை விநியோகிப்பது, பேச்சாளரை அழைப்பது, புகார்களைக் கேட்பது எல்லாம் அவள் ஒருத்தியின் பொறுப்பு. உறுப்பினர் பட்டியல் இல்லை, யாப்பு இல்லை, கைப்பற்றுவதற்குக் கோப்புகள் இல்லை. ஒருத்தியைப் பிடித்தால் அடுத்த கூட்டத்தில் இன்னொருத்தி. கட்சி விதிகளில் இதற்கு ‘நம்பிக்கைக்குரிய ஆண்’ என்று பொருள்படும் சொல்லே இருந்தது. பெண்கள் வற்புறுத்தி 1892 இல் அதை இருபாலாருக்கும் பொதுவான ‘வெர்ட்ராவென்ஸ்பெர்சோன்’ என்ற சொல்லாக மாற்றுவித்தார்கள். இன்றும் ஜேர்மன் தொழிற்சாலைகளில் தொழிற்சங்கத்தின் பகுதிப் பிரதிநிதிகளுக்கு இச்சொல்லின் இனத்தைச் சேர்ந்த பெயரே வழங்குகிறது. எங்கள் பகுதியில் அந்தப் பொறுப்பை வகிப்பவர் ஒரு துருக்கியப் பெண். சொல்லின் சரித்திரம் அவருக்குத் தெரியாது, வேலை தெரியும்.

நாடு தழுவிய நம்பிக்கைக்குரியவராக 1900 இல் தெரிவானவர் ஒற்றிலிய பாடர். நமது பட்டியல்கள் எதிலும் இப்பெயரைக் காணமுடியாது. 1847 இல் பிறந்தவர். சிறுவயதில் தாயை இழந்து, பதின்மூன்று வயதில் பேர்லினில் தையல் வேலைக்குப் போனவர். 1870 யுத்தத்தைச் சாட்டாக வைத்து முதலாளிகள் கூலியைப் பாதியாகக் குறைக்க முனைந்தபோது எதிர்த்து நின்ற பெண்களில் ஒருவர். பின்னர் சொந்தமாக ஒரு தையல் மெஷின் வாங்கி வீட்டிலிருந்தே காலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை கொலர் தைத்தவர். பெபலின் ‘பெண்ணும் சோசலிசமும்’ என்ற நூல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அதை வாசித்து அரசியலுக்கு வந்தார். பாடரின் பொறுப்பில் நம்பிக்கைக்குரிய பெண்களின் தொகை 1901 இல் 25 ஆக இருந்து 1907 இல் 400 ஐத் தாண்டியது. 400 ஊர்களில் 400 பெண்கள். அவர்களின் பெயர்களைச் சேர்த்தால் பட்டியல் நீளும். மலரில் இடம் போதாது.

கிளாராவின் பங்கு இந்த வலையை ஒரு பத்திரிகையால் இணைத்தது. எம்மா ஈரர் என்ற பெண் தொழிற்சங்கவாதி தொடங்கி நட்டத்தில் ஓடிய ‘தொழிலாளப் பெண்’ என்ற பத்திரிகை 1892 முதல் ‘சமத்துவம்’ என்ற புதிய பெயரில் ஸ்ருட்கார்ட்டிலிருந்து வெளிவந்தது. இரு வாரத்துக்கு ஒருமுறை; விலை பத்து பெனிக். இருபத்தைந்து வருடங்கள் கிளாரா அதன் ஆசிரியர். நெசவாலை, சலவைக்கூடம், தீப்பெட்டித் தொழிற்சாலை நிலைமைகள், நீதிமன்றச் செய்திகள், பிறநாட்டு இயக்கங்கள் என்று பக்கங்கள் நிரம்பின. மொழி கடினம், சாதாரண பெண்ணுக்கு விளங்காது என்று கட்சி மாநாடுகளில் முறைப்பாடு எழுந்துகொண்டே இருந்தது. இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவுக்கு இம்முறைப்பாடு பழக்கமானதாக இருக்கும். கிளாரா இறங்கிவரவில்லை. தன் பத்திரிகை முதலில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கானது, அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்பது அவர் நிலை. 1905 இல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமான இணைப்புகளைச் சேர்க்க மட்டும் இணங்கினார். 1900 அளவில் 4,000 பிரதிகள் விற்ற பத்திரிகை 1914 இல் 1,20,000 ஐத் தாண்டியது.

இந்த வேலை எதைத் தொட்டது என்பதற்குக் கிறிம்மிற்சவ் ஓர் உதாரணம். சாக்சனியின் நெசவு நகரம் அது. 1903 ஓகஸ்ட் தொடக்கம் 1904 ஜனவரி வரை ஏறத்தாழ 8,000 தொழிலாளர்கள், அவர்களில் பெருந்தொகையான பெண்கள், பத்து மணித்தியால வேலைநாள் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பதினொரு மணித்தியாலம் வேலை செய்தவர்கள் கேட்டது ஒரே ஒரு மணித்தியாலம்: எங்களுக்காக, குடும்பத்துக்காக, வாழ்வதற்காக. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி என்ன என்பதை, திரும்பியதும் கதிரையில் சாய்ந்துவிடும் நம் போன்ற ஆண்கள் கணக்கிட்டதில்லை. வேலைநிறுத்தம் தோற்றது. ஜேர்மனியெங்குமிருந்து முதலாளிகள் கிறிம்மிற்சவ் முதலாளிகளுக்குப் பணம் அனுப்பினார்கள். ஆனால் 1908 இறுதியில் பாராளுமன்றம் பெண் தொழிலாளருக்குப் பத்து மணித்தியால வரம்பைச் சட்டமாக்கியது. 1910 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே சங்கச் சட்டமும் நகைப்புக்கிடமாகிவந்தது. பெருநிலவுடைமையாளர் சங்கத்தின் கூட்டங்களுக்கு அவர்களின் மனைவியர் வருவதைப் பொலிஸ் கண்டுகொள்வதில்லை. தொழிலாளப் பெண் வந்தால் மட்டும் தொப்பி தலைக்கு ஏறியது. இந்த வெட்கத்தை மறைக்க 1902 இல் பிரஷ்ய உள்நாட்டு அமைச்சர் ஒரு வழி கண்டார். மண்டபத்தின் ஒரு பகுதியைப் பிரித்து அதில் பெண்கள் இருக்கலாம். வாய் திறக்கக் கூடாது. நமது ஊர்ச் சபைகளில் சட்டமில்லாமலே நிலவிய ஏற்பாடு.

முதலாளித்துவப் பெண்கள் இயக்கத்தோடு கிளாரா கொண்டிருந்த உறவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரண்டுக்குமிடையே துப்புரவான பிரிகோடு வேண்டும் என்பது அவர் கொள்கை. 1895 இல் இந்தச் சங்கச் சட்டத்தை நீக்கக் கோரி மத்தியதர வர்க்கப் பெண்கள் மனுவொன்று தயாரித்தபோது, கட்சியின் நாளேடே அதை ஆதரித்திருக்க, கிளாரா கையெழுத்திட வேண்டாம் என்று எழுதினார். தொழிலாளப் பெண்களைக் கலந்தாலோசிக்காமல், கீழ்ப்படிவான தொனியில் எழுதப்பட்ட மனு அது என்பது உண்மை. ஆனால் பொலிஸ் தொப்பியின் கீழ் இருந்தவர்களுக்குத் தொனி முக்கியமா, தடை நீங்குவது முக்கியமா? இந்த இடத்தில் அவர் கொள்கையின் தூய்மையைப் பேணினார், கூட்டாளிகளை இழந்தார். லிலி பிரவுண் 1901 இல் பல குடும்பங்களுக்கு ஒரே சமையலறை என்ற திட்டத்தை முன்வைத்தபோதும் கிளாரா அதைத் தள்ளிவிட்டார். சமையலறை என்ற கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளியிருக்கத் தேவையில்லை.

ஸ்ருட்கார்ட்டில் 1907 ஓகஸ்டில் 15 நாடுகளிலிருந்து 58 பெண்கள் கூடி முதலாவது சர்வதேச சோசலிசப் பெண்கள் மாநாட்டை நடத்தினார்கள். சொத்து, கல்வி வரம்பு எதுவுமின்றி எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை என்ற தீர்மானம் நிறைவேறியது. ‘சமத்துவம்’ அந்தச் சர்வதேச அமைப்பின் ஏடாகியது. மூன்று வருடம் கழித்துக் கொப்பன்ஹேகனில் நடந்தது நமக்குத் தெரிந்த அந்த ஒரு வரி. தீர்மானம் திகதி எதையும் குறிப்பிடவில்லை. முதலாவது பெண்கள் தினம் 1911 மார்ச் 19 இல் ஜேர்மனி, ஒஸ்திரியா, டென்மார்க், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குகொள்ள நடந்தது. அத்தனை பேரை ஒரே நாளில் திரட்டியவர்கள் அந்த நானூறு பேரும் அவர்களைப் போன்றவர்களுமே. மார்ச் 8 நிலைபெற்றதற்குக் காரணம் 1917 இல் அந்நாளில் பெற்றோகிராட் நெசவாலைப் பெண்கள் ஆரம்பித்த வேலைநிறுத்தம். அது சார் மன்னனைக் கவிழ்த்தது. 1921 இல் மொஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் பெண்கள் மாநாடு அத்திகதியை உறுதிசெய்தது. ஐக்கிய நாடுகள் சபை கையிலெடுத்தது 1970களில். 2019 முதல் பேர்லின் மாநிலத்தில் அது அரச விடுமுறை.

வெற்றியின் கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவந்திருக்க மாட்டேன். 1908 மே மாதத்தில் புதிய சங்கச் சட்டம் ஜேர்மனி முழுவதிலும் பெண்களுக்கிருந்த தடையை நீக்கியது. கட்சிக் கதவு திறந்தது. அவ்வாண்டு ஏறக்குறைய 29,000 ஆக இருந்த பெண் உறுப்பினர் தொகை 1914 இல் 1,74,000 ஐத் தாண்டியது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் இனித் தனி ஏற்பாடு எதற்கு என்று கட்சி கேட்டது. நம்பிக்கைக்குரியவர் முறை முடிவுக்கு வந்தது. பெண்கள் கட்சிக் கிளைகளுக்குள் சேர்க்கப்பட்டார்கள். நிர்வாகக் குழுக்களில் அவர்களுக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டது. மத்திய குழுவின் ஆசனம் கிளாராவுக்கோ பாடருக்கோ கொடுக்கப்படவில்லை, லூயிஸ சீற்ஸுக்குப் போயிற்று. சீற்ஸ் ஆற்றல்மிக்க பேச்சாளர், உழைப்பாளி, அவரைக் குறைசொல்வதற்கில்லை. கவனிக்க வேண்டியது வேறு. தடை இருந்த காலத்தில் பெண்கள் தாமே கூட்டங்களில் தமது ஆளைத் தெரிவு செய்தார்கள், தமது காசைத் தாமே வைத்திருந்தார்கள். தடை நீங்கியபின் இரண்டும் கட்சியின் கைக்கு மாறின. பொலிஸ் கலைக்க முடியாததைத் தோழர்கள் ஒரு தீர்மானத்தால் கலைத்தார்கள்.

கிளாரா இதைக் கண்டித்தாரா? அரைகுறையாக. வர்க்கத்தின் ஒற்றுமை என்ற சொல்லுக்கு முன்னால் அவர் எப்போதும் தயங்கினார். 1913 ஓகஸ்டில் பேர்லினில் அவரது எல்லை வெளிப்பட்டது. வறுமையில் பிள்ளை பெற்றுச் சலித்த தொழிலாளப் பெண்களிடம் இரண்டு சோசலிச மருத்துவர்கள் கருத்தடையைப் பரப்பி, ‘பிரசவ வேலைநிறுத்தம்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். கட்சி அதை முறியடிக்கவெனக் கூட்டிய கூட்டங்களுக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கிளாராவும் ரோசா லக்சம்பேர்க்கும் எதிர்த்துப் பேசினார்கள்: இது தனிமனிதத் தீர்வு, வர்க்கத்துக்குப் போராளிகள் தேவை என்று. மண்டபத்திலிருந்த பெண்கள் கைதட்டியது மருத்துவர்களுக்கு. தன் உடம்பு போராளிகளைத் தயாரிக்கும் பட்டறையென்று சொல்லப்படுவதைக் கேட்ட பெண்கள் நமது மண்ணிலும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கைதட்டலின் பொருள் விளங்கும். வரலாற்றின் இரு பெரும் பெண்கள் மேடையிலும் சரியான கருத்து மண்டபத்திலும் இருந்த நாள் அது என்பது என் அபிப்பிராயம்.

1914 ஓகஸ்ட் 4 இல் கட்சி யுத்தக் கடனுக்கு வாக்களித்தது. தனிக் கட்டமைப்பு போய்விட்டபடியால் பெண்கள் எதிர்த்துக் குரல் எழுப்பக் களம் இருக்கவில்லை. எஞ்சியிருந்தது பத்திரிகை ஒன்றுதான். தணிக்கை வெட்டிய இடங்களில் வெற்றுப் பக்கங்களோடு அது வெளிவந்தது. 1915 மார்ச்சில், கட்சித் தலைமையின் எதிர்ப்பை மீறி, யுத்தத்தில் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த நாடுகளிலிருந்து சுமார் முப்பது பெண்களைக் கிளாரா சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் கூட்டினார். பிரான்ஸிலிருந்து வந்தவர் லூயிஸ் சொமொனோ என்ற தையல் தொழிலாளி மாத்திரம். யுத்தத்தை நிறுத்தக் கோரும் அவர்களின் அறிக்கை ஜேர்மனிக்குள் இரகசியமாக விநியோகிக்கப்பட்டது. அதற்காகக் கிளாரா சிறை சென்றார். ஆண்களின் அகிலம் சிதறிக் கிடந்த நேரத்தில் முதலில் கூடியவர்கள் இந்தப் பெண்கள். பழைய தொடர்புகளின் மிச்சம் அது. 1917 மே மாதம் கட்சித் தலைமை ‘சமத்துவ’த்தை அவரிடமிருந்து பறித்தது. கட்சிப் பணத்தில் நடந்த பத்திரிகை, ஆகவே கட்சிக்குச் சொந்தம் என்பது நியாயம். ஆசிரியத்துவத்தை ஏற்றவர் மேரி யுக்காஸ், அவரும் ஒரு காலத்தில் தையல் தொழிலாளி. 1919 பெப்ரவரியில் ஜேர்மன் தேசிய சபையில் பேசிய முதற் பெண் என்று வரலாறு பதிவுசெய்வது அவரையே. பெண்களுக்கு வாக்குரிமை தந்ததற்காக அரசுக்கு நன்றி சொல்லவேண்டியதில்லை, அநியாயமாக மறுக்கப்பட்டிருந்ததையே அரசு கொடுத்தது என்று அவர் அன்று கூறியது மறக்கக்கூடாத பேச்சு. நல்லவர் ஒருவரைக் கொண்டுதான் பத்திரிகைகள் பறிக்கப்படுகின்றன. அப்பத்திரிகை 1923 இல் நின்றுபோனது.

இலங்கையில் 1931 இல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைப்பதற்கு முன்னர் அதை எதிர்த்தவர்களில் மகளிர் கல்லூரி நிறுவிய பொன்னம்பலம் இராமநாதனும் இருந்திருந்தார். படித்த பெண் வேண்டும், வாக்குள்ள பெண் வேண்டாம் என்ற அந்த நிலை தனியே ஆராயவேண்டியது.

கிளாராவின் கடைசிப் பதினைந்து வருடங்களை நான் விரைவாகக் கடக்கிறேன். அவை அவருக்குப் பெருமை மட்டும் தந்தவை அல்ல. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1920 முதல் பாராளுமன்ற உறுப்பினர். 1922 இல் மொஸ்கோவில் சோசலிசப் புரட்சிக் கட்சியினர் மீது நடந்த வழக்கில் குற்றஞ்சாட்டும் தரப்பில் நின்றார். பிஸ்மார்க்கின் சட்டத்தால் துரத்தப்பட்டவர் அந்த மேடையில் நின்றதை எந்தத் தர்க்கத்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஸ்ராலினின் வழியில் அவருக்கு உடன்பாடில்லை என்பது தனிப்பட்ட கடிதங்களிலிருந்து தெரிகிறது. பகிரங்கமாக அவர் உடைத்துச் சொல்லவில்லை. இயக்கத்துக்குள் இருந்துகொண்டு கடிதங்களில் மாத்திரம் உண்மை எழுதியவர்களை நாமும் அறிவோம்.

1932 ஓகஸ்ட் 30 இல் ஜேர்மன் பாராளுமன்றம் கூடியபோது, வயதில் மூத்த உறுப்பினரே அமர்வைத் தொடக்கி வைக்கவேண்டும் என்ற மரபின்படி 75 வயதான கிளாரா மொஸ்கோவிலிருந்து வந்தார். கண்பார்வை ஏறக்குறைய அற்றுப்போன நிலை. இருவர் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துச் சென்றார்கள். எதிரே 230 நாசி உறுப்பினர்கள். பாசிசத்தைத் தடுக்க உழைக்கும் மக்கள் எல்லோரும் ஒன்றுபட வேண்டும் என்று பேசினார். அவருடைய கட்சியே சமூக ஜனநாயகவாதிகளைப் பிரதான எதிரி என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பேச்சு முடிந்ததும் தலைமை ஆசனத்துக்குத் தெரிவானவர் கோரிங். அடுத்த ஜூன் 20 இல் மொஸ்கோவுக்கு அருகே, இரண்டாவது தடவை அகதியாக, கிளாரா இறந்தார்.

கிழக்கு ஜேர்மனி அவர் முகத்தைப் பத்து மார்க் தாளில் அச்சிட்டது. பேர்லின் நடுவில் ஓர் இளவரசியின் பெயரிலிருந்த டொறதேயன் வீதியை 1951 இல் கிளாரா செற்கின் வீதி ஆக்கியது. 1995 இல் ஒன்றுபட்ட பேர்லின் அப்பெயரை நீக்கி இளவரசியையே திரும்பக் கொண்டுவந்தது. பாராளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகக் கட்டிடங்கள் இப்போது அந்த வீதியில் இருக்கின்றன. ஒற்றிலிய பாடர் 1921 இல் தன் நினைவுகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டு, 1925 இல் பேர்லினில் இறந்தார். கொலர் தைத்த வருடங்களுக்கு அந்நூலில் அவர் கொடுத்திருக்கும் இடம் மாநாடுகளுக்குக் கொடுத்த இடத்துக்குக் குறைந்ததல்ல.